எலிவண்டிக்கு எண்ணெயா, வார்னிஷா?

போன இதழில் என் மர டேங்க் சைக்கிளின் படம் வந்தாலும் வந்தது, கடிதங்கள் தனிக் கட்டாக வந்து சேர்ந்துவிட்டன. அதனால் இந்த முறை பிரேக், பேரிங், செயின் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, கையால் செய்த மர பாகங்களுக்குப் பாலிஷ் போடுகிற சங்கதியை மட்டும் பேசலாம்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். துருவை மறைக்காமல், கிடைத்த இரும்பையும் தகரத்தையும் ஒட்டவைத்துச் செய்கிற கார்களை ரேட் ராட் என்பார்கள். அதே புத்தியைச் சைக்கிளில் காட்டினால் ரேட் ராட் சைக்கிள். பழைய க்ரூஸர் ஃப்ரேம், கொழுத்த டயர், மினுக்காத கறுப்பு, ஆங்காங்கே மரம். ரேட் என்றால் எலி, அதனால் நான் இதை எலிவண்டி என்றே கூப்பிடுகிறேன். மேல் பார் இரண்டுக்கும் நடுவே மோட்டார் சைக்கிள் போல ஒரு பொய் டேங்க் வைக்கும் பழக்கம் புதிதல்ல. அமெரிக்காவில் ஷ்வின் கம்பெனி 1934-இலேயே ஏரோசைக்கிள் என்ற மாடலில் தகர டேங்க் வைத்து விற்றது. நாம் அதை மரத்தில் செய்கிறோம், அவ்வளவுதான்.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் சைக்கிள் மெக்கானிக் இல்லை. படகுப் பட்டறையில் 18 வருடம் தச்சு வேலை பார்த்தவன். அதனால் என் பதில்களில் கொஞ்சம் படகு வாடை அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, தேக்கில் டேங்க் செய்து, மேஜைக்கு வாங்கி மிச்சமிருந்த பாலியூரித்தேன் என்ற தெளிவான பூச்சை நாலு கோட் அடித்தேன். இரண்டு மாதம் கண்ணாடி மாதிரி இருந்தது. இப்போது மேல்பக்கம் மட்டும் பாம்புச் சட்டை போல உரிகிறது. பக்கவாட்டில் ஒன்றும் ஆகவில்லை. சரக்கு மோசமா, என் கை மோசமா?

பதில்: இரண்டும் இல்லை தம்பி. மேஜை வெயிலில் நிற்பதில்லை, சைக்கிள் நிற்கிறது. மேல்பக்கம் மட்டும் உரிகிறது என்று நீங்களே துப்புக் கொடுத்துவிட்டீர்கள்.

தெளிவான எந்தப் பூச்சும் ஜன்னல் கண்ணாடி போலத்தான். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் அதன் வழியாக இறங்கி, மரத்தின் மேல்தோலில் இருக்கும் லிக்னினைச் சிதைக்கும். லிக்னின்தான் மர நார்களைப் பிடித்துவைத்திருக்கும் பசை. அந்தப் பசை பொடியானதும் பூச்சுக்குப் பிடிமானம் இல்லாமல் போகிறது. பாலியூரித்தேன் உரியவில்லை, அதன் கீழிருந்த மரம் அதைக் கைவிட்டுவிட்டது. இதில் இன்னொரு கஷ்டமும் உண்டு. வீட்டுக்குள் அடிக்கிற சரக்கு கெட்டியாகக் காயும். மேஜையில் பாத்திரம் உரசினால் கீறக்கூடாது என்று அப்படிச் செய்கிறார்கள். ஆனால் டேங்க் மரம் மழைக்காலத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். கெட்டியான பூச்சு கூடவே வளையத் தெரியாமல் வெடிக்கும். வெடித்த இடத்தில் தண்ணீர் இறங்கும். அப்புறம் நீங்கள் பார்த்த பாம்புச் சட்டைதான்.

படகின் பாய்மரத்துக்கு அடிப்பதற்கென்றே ஒரு வார்னிஷ் உண்டு. ஸ்பார் வார்னிஷ், மரைன் வார்னிஷ் என்று டப்பாவில் போட்டிருக்கும். காற்றில் பாய்மரம் வளையும்போது பூச்சும் வளையவேண்டும் என்பதற்காக எண்ணெய்ப் பங்கு கூடுதலாகச் சேர்த்துச் செய்வது. புற ஊதாக் கதிரை விழுங்கும் மருந்தும் சேர்த்திருப்பார்கள். அது சேர்த்திருக்கிறதா என்று டப்பாவைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். பெயரில் மட்டும் கடல் இருக்கும் டப்பாக்களும் உலாவுகின்றன.

இப்போது செய்யவேண்டியது. உரிந்த இடத்தில் மட்டும் ஒட்டுப்போடாதீர்கள். மேல்பக்கம் முழுவதையும் ஸ்கிரேப்பரால் சுரண்டி, சாம்பல் நிறம் போய்ப் புது மரம் தெரியும்வரை உப்புத்தாள் போடுங்கள். 80-ஆம் நம்பர் தாள், அப்புறம் 120, அப்புறம் 180; நம்பர் கூடக் கூடத் தாள் நைசாகும். எப்போதும் ரேகை போகிற திசையில்தான் தேய்க்கவேண்டும். பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். மரத்தின் நார்கள் சிலிர்த்து எழும். காய்ந்ததும் 220-ஆல் லேசாக, மீசையைத் தடவுகிற மாதிரி ஒரு தடவு. தேக்கு என்பதால் இன்னொரு வேலை உண்டு. தேக்குக்குள் எண்ணெய் இருக்கிறது; அது பூச்சை ஒட்டவிடாது. அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால், துணியில் மஞ்சள் ஏறுவது குறையும்வரை துடையுங்கள். துடைத்ததும் தள்ளிப்போடாமல் முதல் கோட். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் உள்ளிருக்கும் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும்.

முதல் கோட்டுக்கு வார்னிஷும் டர்பன்டைனும் சரிபாதி. தண்ணீர் மாதிரி இருக்கிறதே என்று பயப்படாதீர்கள், அது மரத்துக்குள் இறங்குவதற்கு. இரண்டாவதில் கால் பங்கு டர்பன்டைன். மூன்றாவதிலிருந்து டப்பாவில் இருப்பது அப்படியே. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள் விட்டு, 320-ஆல் தேய்த்து, தூசியைத் துடைத்து, அடுத்தது. ஆறு கோட்டாவது வேண்டும். எட்டு என்றால் நான் சந்தோஷப்படுவேன். எங்கள் படகுப் பட்டறையின் பழைய மேஸ்திரி எட்டுக்குக் குறைந்தால் பிரஷைக் கையிலிருந்து பிடுங்கமாட்டார், ஆனால் அன்று முழுவதும் பேசமாட்டார்.

எலிவண்டியில் பளபளப்பு எதற்கு என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் கீழ்க் கோட்டுகள் பளபளப்பு வகையாகவே இருக்கட்டும். கடைசி ஒன்று மட்டும் அரை மினுக்கமான சாட்டின் அல்லது மினுக்கமே இல்லாத மேட். மினுக்கத்தைக் குறைப்பதற்குப் போடும் பொடி பல கோட் சேர்ந்தால் மரத்தின் மேல் புகை படிந்த மாதிரி காட்டும். அந்தப் பொடி டப்பாவின் அடியில் தங்கியிருக்கும். குச்சியால் அடிவரை மெதுவாகக் கிளறுங்கள், குலுக்கினால் குமிழி வரும்.

கடைசியாக, கேள்வியில் இல்லாத ஒன்று. டேங்கின் உள்பக்கத்துக்கு என்ன அடித்தீர்கள்? ஒன்றும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். எல்லோரும் விடுகிற இடம் அது. வெளியே எட்டுப் பூச்சு, உள்ளே பூச்சே இல்லாத வெறும் மரம் என்றால் ஈரம் உள்பக்கமாக மட்டுமே போய்வரும், பலகை கிண்ணம் போல வளையும். உள்ளேயும் மூன்று கோட்டாவது வேண்டும். அடியில் பென்சில் நுழைகிற அளவு ஒரு துளை போட்டு, துளையின் உள்விளிம்பிலும் வார்னிஷ் தொட்டு வையுங்கள். எவ்வளவு அடைத்தாலும் தண்ணீர் உள்ளே வரும். வந்தது வெளியே போக வழி வேண்டும்.

கேள்வி: வால்நட் மரத்தைக் கடைந்து கிரிப் செய்திருக்கிறேன். அதற்கும் மரைன் வார்னிஷ்தானா சார்?

பதில்: வேண்டாம். கை பிடிக்கிற இடத்தில் கனத்த பூச்சு போட்டால் வியர்வையில் வழுக்கும். கொஞ்ச நாளில் கட்டைவிரல் உரசுகிற இடம் மட்டும் தேய்ந்து திட்டுத்திட்டாகும். கிரிப்புக்கு எண்ணெய்தான். டங் மரத்தின் விதையிலிருந்து எடுக்கிற டங் ஆயில், அல்லது பாயில்டு லின்சீட், அதாவது சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்பு சேர்த்த ஆளிவிதை எண்ணெய். பெயர்தான் பாயில்டு, இப்போது யாரும் கொதிக்கவைப்பதில்லை. சேர்க்காத பச்சை ஆளி எண்ணெய் காய வாரக்கணக்கில் ஆகும். அந்தப் பொறுமை இருந்தால் நீங்கள் சைக்கிள் கட்டமாட்டீர்கள், மரம் நட்டிருப்பீர்கள்.

ஒரு எச்சரிக்கை. டங் ஆயில் ஃபினிஷ் என்று எழுதிய டப்பாக்களில் பல, நிறைய டர்பன்டைன் கலந்த வார்னிஷ்தான். அது கெட்டது என்று சொல்லவில்லை. நீங்கள் வாங்குவது என்ன என்று தெரிந்து வாங்குங்கள்.

உப்புத்தாளை 220-உடன் நிறுத்துங்கள். 600, 800 என்று மெருகேற்றினால் பிடிப்பு போய்விடும். ஆனால் கிரிப்பின் இரண்டு முனைகளிலும், அதாவது நார்களை அறுத்த வெட்டு முகத்தில், 320 வரை போகலாம். அங்கேதான் நார்க்குழாய்கள் வாய் திறந்திருக்கின்றன. பக்கவாட்டைவிடப் பல மடங்கு எண்ணெய் குடித்துக் கறுத்துவிடும். நைசாகத் தேய்த்தால் நிறம் மற்ற பகுதியோடு ஓரளவு சேரும்.

கேள்வி: எண்ணெய் தடவிப் பத்து நாள் ஆகிவிட்டது. இன்னும் கை வைத்தால் பிசுபிசு என்று ஒட்டுகிறது. ஹேர் டிரையர் காட்டலாமா அண்ணா?

பதில்: காட்டாதீர்கள். தடவிவிட்டுத் துடைக்காமல் விட்டிருக்கிறீர்கள். எண்ணெய் மரத்துக்குள் இருக்கவேண்டியது, மேலே நின்றால் இப்படித்தான் பிசினாகும். டர்பன்டைனில் நனைத்த சொரசொரப்பான துணியால் மேலே நிற்பதை அழுத்தித் தேய்த்து எடுங்கள். நன்றாகத் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். அடுத்த முறை தடவி, பதினைந்து இருபது நிமிடம் ஊறவிட்டு, மரம் குடிக்காத மிச்சத்தை ஒரு சொட்டு விடாமல் துடைத்துவிடுங்கள். தடவுகிற நேரத்தைவிடத் துடைக்கிற நேரம் கூடுதலாக இருக்கவேண்டும்.

துடைத்த துணியை என்ன செய்தீர்கள் என்பதைச் சொல்லவில்லையே! இதை இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதினாலும் எனக்குச் சலிக்காது. இந்த எண்ணெய்கள் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலிருந்து ஆக்ஸிஜனை இழுத்துக் கெட்டியாகின்றன, அப்போது சூடு பிறக்கிறது. விரித்த துணியில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டிப் போட்ட துணியில் போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், நெருப்புக்குச்சி இல்லாமலே தீப்பிடிக்கும்.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டறையில் சேர்ந்த மூன்றாவது மாதம், ஒரு படகின் தளத்துக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, துணிகளையெல்லாம் ஒழுங்காக மடித்து ஒரு மரப்பெட்டியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். ஒழுங்கானவன் என்று பெயர் வாங்க ஆசை. திரும்பி வந்தபோது பெட்டியிலிருந்து மீன் வறுத்த மாதிரி ஒரு வாடை, மெல்லிய புகை. மூடியைத் திறந்தேன், காற்றுப் பட்டதும் பற்றிக்கொண்டது. மேஸ்திரி பெட்டியைக் காலால் உதைத்துத் தண்ணீரில் தள்ளினார். எனக்கு அடி விழவில்லை. ஆனால் அன்றிலிருந்து அங்கே வேலை செய்த கடைசி நாள் வரை எண்ணெய்த் துணியைக் கொடியில் தொங்கவிடுவது என் வேலை ஆகிவிட்டது.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். வெளியே, நிழலில், ஒவ்வொன்றாக விரித்துப் போடுங்கள். விறைத்துக் காய்ந்தபிறகு குப்பையில் போடலாம். அதற்கு இடமில்லை என்றால் தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் முக்கி மூடி வையுங்கள்.

கேள்வி: ஓக் மரத்தில் மட்கார்டு. நாலு இரும்பு ஸ்க்ரூ. முதல் மழைக்கே ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுற்றியும் மை கொட்டியதுபோல் நீலக் கறுப்பு. பூஞ்சையா?

பதில்: பூஞ்சை இல்லை. நீங்கள் சொன்ன மையேதான்! ஓக்கில் டேனின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய. டேனினும் இரும்பும் ஈரத்தில் சந்தித்தால் கறுப்பு பிறக்கும். பல நூறு வருடம் உலகம் எழுதிய மை இந்தச் சேர்க்கைதான். உங்கள் மட்கார்டில் அது தானாக எழுதிக்கொண்டது.

கறை போக ஆக்ஸாலிக் அமிலம் வேண்டும். பூச்சை அந்த இடத்தில் எடுத்துவிட்டு, வெந்நீரில் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தடவுங்கள். இரும்பு கட்டிய பிரஷ் வேண்டாம். கண்ணெதிரே வெளுக்கும். திட்டாகத் தெரியாமலிருக்க அந்தப் பக்கம் முழுவதும் தடவிவிடுங்கள். அப்புறம் நிறையத் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை கழுவி, நன்றாகக் காயவிடவேண்டும். அது விஷம். கையுறை, கண்ணாடி இரண்டும் வேண்டும். காய்ந்த பொடியைத் தேய்த்துக் கிளப்பி மூக்கில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

ஸ்க்ரூவை மாற்றாமல் கறையை மட்டும் எடுத்தால் அடுத்த மழைக்கு மறுபடி எழுதும். ஸ்டெயின்லெஸ் போடுங்கள், இல்லையென்றால் பித்தளை. பித்தளை என் கண்ணுக்கு அழகு. நாள்பட நாள்பட மங்கி, எலிவண்டிக்கென்றே பிறந்த மாதிரி ஆகிவிடும். ஆனால் மென்மையானது, ஓக்கில் முறுக்கும்போது கழுத்து ஒடியும். முதலில் துளை போட்டு, அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஒருமுறை ஏற்றி இறக்கிப் புரி வெட்டிக்கொண்டு, பிறகு பித்தளைக்கு மெழுகு தடவி ஏற்றுங்கள். சோப்பு தடவாதீர்கள், அது ஈரத்தை இழுக்கும். துளைக்குள் இரண்டு சொட்டு வார்னிஷ் விட்டு ஏற்றினால் இன்னும் நல்லது. இதே காரணத்தால் ஓக்கின் மேல் இரும்புக் கம்பளியால், அதாவது ஸ்டீல் வுல்லால், தேய்க்கவும் கூடாது. ஒடிந்த துகள் ரேகைக்குள் தங்கி, பின்னால் புள்ளி புள்ளியாகக் கறுக்கும்.

கேள்வி: ஐயா, எனக்கு மரம் புதிதாகத் தெரியவே கூடாது. நாற்பது வருடம் கொட்டகையில் கிடந்த மாதிரி இருக்கவேண்டும். கறுப்புச் சாயம் அடித்தால் சாயம் மாதிரியே இருக்கிறது.

பதில்: முந்தின வாசகர் எதைப் போக்கப் பாடுபடுகிறாரோ அதையே நீங்கள் வேண்டுமென்று செய்யலாம். இரும்புக் கம்பளியைச் சோப்பு நீரில் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, வினிகரில் நாலைந்து நாள் ஊறவையுங்கள். மூடியை இறுக்காதீர்கள், உள்ளே வாயு பிறக்கும், பாட்டில் வெடித்துவிடும். ஊறியதை மெல்லிய துணியில் வடிகட்டி மரத்தில் தடவினால், ஓக் சில நிமிடத்தில் கறுக்கும். இது மேலே ஒட்டிய சாயம் இல்லை. மரமே நிறம் மாறியது. ரேகை அப்படியே தெரியும்.

பைன், மேப்பிள் போன்ற டேனின் குறைந்த மரங்கள் வெறும் சாம்பல் நிறத்தோடு நின்றுவிடும். அதுவே கொட்டகை மரம் மாதிரிதான் இருக்கும், சிலருக்கு அதுதான் பிடிக்கும். கறுப்பே வேண்டுமென்றால் கடுக்காய்த் தூளை ஊறவைத்த நீரை முதலில் ஒரு கை அடித்துக் காயவிட்டு, பிறகு இரும்புத் தண்ணீர். கழிவுத் துண்டில் செய்து பார்க்காமல் டேங்கில் கை வைக்காதீர்கள். ஒரே பலகையின் இரண்டு முனைகள்கூட வேறு வேறாகக் கறுக்கும். காய்ந்தபிறகு எண்ணெயோ மேட் வார்னிஷோ ஏற்றினால் சாம்பல் ஆழமான கறுப்பாக இறங்கும்.

இன்னொரு வழி தீ. ஜப்பானில் சுகி என்ற மரப் பலகைகளின் மேல்தோலைக் கருக்கிச் சுவருக்கு அடிப்பார்கள். யாகிசுகி என்று பெயர். பைன் போன்ற மென்மரத்தில் இது அழகாக வரும். கேஸ் டார்ச்சால் முதலைத் தோல்போல வெடிக்கும்வரை போகவேண்டாம். சைக்கிளில் கால் உரசும், உடையெல்லாம் கரியாகும். லேசாகக் கருக்கி, பித்தளை பிரஷால் ரேகையோடு தேய்த்தால் மென்மையான பகுதி எரிந்து இறங்கி, கெட்டி ரேகை மேடாக நிற்கும். தூசியைத் துடைத்து எண்ணெய். மெல்லிய பலகையை ஒரு பக்கம் மட்டும் கருக்கினால் வளைந்துவிடும், கவனம். பசை போட்டு ஒட்டுவதற்கு முன்பே கருக்கிவிடுங்கள், சூட்டில் பசை விட்டுவிடும். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். எண்ணெய் டப்பா பக்கத்தில் வேண்டாம். என் பெட்டிக் கதையை மேலே படித்தீர்கள் அல்லவா?

கேள்வி: ஹேண்டில்பாரையே மரத்தில் செய்து, எபாக்சி என்கிற, இரண்டு திரவத்தைக் கலந்து இறுகவிடும் பிசினை நாலு கோட் கொடுத்தால் பலம் வருமா?

பதில்: வராது. பூச்சு தண்ணீரைத் தடுக்கும், பலம் தராது. மரத்தில் சைக்கிள் செய்ததே இல்லையா என்று மடக்குவீர்கள். 1817-இல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் செய்த ஓடும் வண்டியே மரம்தான், பெடல்கூடக் கிடையாது. பின்னால் பந்தய சைக்கிள்களுக்கு மர ரிம் வெகு காலம் ஓடியது. அதெல்லாம் நார் போகும் திசை பார்த்து, பட்டை பட்டையாக ஒட்டி வளைத்து, அந்த ஒன்றையே தொழிலாகச் செய்தவர்கள் கைவேலை. நீங்களும் நானும் வார இறுதியில் இழைத்த கட்டையை ஸ்டெம்மின், அதாவது ஹேண்டில்பாரை வண்டியோடு பிடிக்கிற பாகத்தின், கிளாம்ப் கவ்வும். மரம் சுருங்கும், கவ்வல் தளரும், இறக்கத்தில் கையோடு வரும். உடல் எடை தாங்குகிற, பிரேக் பிடிக்கிற, திருப்புகிற இடங்கள் இரும்பாகவே இருக்கட்டும். மரம் ஆசைப்பட்டால் இரும்புக் குழாயின் மேல் இரண்டு பாதியாகக் குடைந்த மர உறையைப் பொருத்துங்கள்.

எபாக்சி என்றதும் ஒன்று. மெல்லிய எபாக்சியை அடிப்பூச்சாக அடிப்பது நல்ல வழக்கம்தான், படகில் நாங்கள் செய்ததுதான். ஆனால் அதற்கு வெயில் ஆகாது. அதன் மேல் புற ஊதாத் தடுப்புள்ள வார்னிஷ் கட்டாயம். காய்ந்த எபாக்சியின் மேல் சில சமயம் மெழுகு மாதிரி வழவழப்பு படியும். அதைத் தண்ணீரால் கழுவித் துடைத்தபிறகுதான் உப்புத்தாள். இல்லையென்றால் அந்த வழவழப்பை உள்ளே தேய்த்து இறக்கியதுதான் மிச்சம்.

கேள்வி: 2 மி.மீ. பட்டைகளை அடுக்கி ஒட்டி வளைத்த மட்கார்டு ஒரே பருவத்தில் ஓரத்தில் வாய் பிளந்துவிட்டது. பசை மோசமா?

பதில்: என்ன பசை என்று எழுதவில்லை. வீட்டுக்குள் நாற்காலி ஒட்டுகிற வெள்ளைப் பசை என்றால், ஆம், அது தண்ணீருக்கு நிற்காது. எபாக்சி அல்லது நீர் தாங்கும் என்று தெளிவாக எழுதிய பசை வேண்டும். ஆனால் எனக்கென்னவோ வாய் பிளந்தது டயர் பக்கத்து ஓரமாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. டயர் தூக்கி அடிக்கிற சேறும் மணலும் உப்புத்தாள்தானே! மேலே ஆறு கோட் அடித்துவிட்டு உள்பக்கம் ஒன்றோடு நிறுத்தியிருப்பீர்கள். அதைத் திருப்பிச் செய்யுங்கள். கண்ணில் படாத உள்பக்கத்துக்குத்தான் கூடுதல் கோட்.

விளிம்புகளைக் கூராக விடாதீர்கள். கூரான விளிம்பில் வார்னிஷ் நிற்காமல் இருபுறமும் விலகி ஓடும். 2 மி.மீ. அளவுக்காவது உருட்டிவிட்டால் பூச்சு ஒரே கனமாகப் போர்த்தும். பிளந்த வாயை ஈரமாக இருக்கும்போது ஒட்டவேண்டாம். சில நாள் காயவிட்டு, மெல்லிய பிளேடால் அழுக்கை எடுத்து, எபாக்சியைச் செலுத்திக் கிளாம்ப் போடுங்கள். விரிசல் பெரிதென்றால் அதே மரத்தின் தூளை எபாக்சியில் குழைத்து அடைக்கலாம். அடைத்த இடம் கறுப்பாகத் தெரியும். தெரியட்டும், எலிவண்டிதானே.

போல்ட் துளையையும் பாருங்கள். மரம் நீளவாக்கில் அநேகமாக நகராது, அகலவாக்கில் நகரும். 20 செ.மீ. அகலப் பலகை பருவம் மாறும்போது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஏறி இறங்கும். அகலத்துக்குக் குறுக்கே இரண்டு போல்ட்டால் இறுக்கிவிட்டால் நகர முடியாமல் அதுவே பிளக்கும். ஒரு துளையை வட்டமாக விட்டு, மற்றதை அகலத் திசையில் நீள்துளை ஆக்குங்கள். பெரிய வாஷர், நைலான் வைத்த நட். மரம் சுருங்கும்போது சாதாரண நட் குலுங்கியே கழன்றுவிடும்.

கேள்வி: சரக்குப் பெட்டி அடியில் வருகிற பேலட் பலகையை உபயோகிக்கலாமா?

பதில்: தாராளமாக. முத்திரையைப் பார்த்து எடுங்கள். நாடு விட்டு நாடு போகும் மரப் பேலட்டுகளுக்கு ஐஎஸ்பிஎம் 15 என்று ஒரு விதி உண்டு. ஹெச்.டி. என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டது. எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற விஷப் புகை போட்டது, அதைத் தொடவேண்டாம். எண்ணெய் கொட்டிய கறை இருந்தாலும் வேண்டாம், எந்தப் பூச்சும் ஒட்டாது. இழைப்பதற்கு முன் ஆணியைத் தேடுங்கள். இழைப்புளி அலகில் ஆணி ஏறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

தேய்க்கும்போது முகமூடி போடுங்கள். இது எந்த மரத்துக்கும் பொருந்தும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கிறது. என் காலத்தில் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டதோடு சரி. அதை நீங்கள் பின்பற்றவேண்டாம்.

கேள்வி: வார்னிஷ் அடிக்கும்போது அங்கங்கே மீன் கண் மாதிரி சின்னச் சின்னக் குழி விழுகிறது. எத்தனை தடவை அடித்தாலும் அதே இடத்தில்.

பதில்: பக்கத்தில் நின்று செயினுக்கு சிலிக்கோன் ஸ்ப்ரே அடித்தீர்களா? அதுதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு பொட்டு சிலிக்கோன் போதும், வார்னிஷ் அதை விட்டு விலகி நிற்கும். தேய்த்தால் போகாது, பரவும். வார்னிஷ் ஈரமாக இருக்கும்போதே டர்பன்டைனால் துடைத்து எடுத்து, துணியை மாற்றி மாற்றி மறுபடி துடையுங்கள். பிறகு மெழுகு நீக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து ஒரு கை அடித்தால், சிலிக்கோனை அடியில் பூட்டிவிடும். அதன் மேல் வார்னிஷ் நிற்கும். மெழுகு நீக்காத அரக்கு என்றால் அதன் மேல் பாலியூரித்தேன் பிடிக்காது, பார்த்து வாங்குங்கள். அரக்கையே கடைசிப் பூச்சாக விடவேண்டாம்; ஈரம் பட்டால் வெளுத்துப்போகும்.

கேள்வி: துருவோடு விட்ட ஃப்ரேமில் மர டேங்க். நடுவில் ரப்பர் பட்டை வைத்தேன். கழற்றிப் பார்த்தால் வார்னிஷோடு ஒட்டிக்கொண்டு வருகிறது மாமா.

பதில்: மாமா என்று எழுதிய ஒரே கடிதம் இது, அதனால் விட மனமில்லை. ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் அவற்றை மென்மையாக வைத்திருக்கச் சேர்க்கிற எண்ணெய்ப் பொருள் கசிந்து வார்னிஷை இளக்கிவிடும். போதாததற்கு நீங்கள் வார்னிஷ் முழுதாக இறுகும் முன்பே பூட்டியிருப்பீர்கள். தொட்டால் ஒட்டாதது ஒரு நாளில் வரும், உள்ளே கெட்டிப்பட வாரக்கணக்கில் ஆகும். கடைசிக் கோட்டுக்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் அதைச் சுவரில் மாட்டி அழகு பாருங்கள். ரப்பருக்குப் பதில் கார்க் ஷீட் வையுங்கள். ஃப்ரேமில் உதிர்கிற துருவை மட்டும் கம்பி பிரஷால் தேய்த்து எடுத்து, மினுக்காத தெளிவான பூச்சு அடித்துவிட்டால் துரு இறங்கி மரத்தில் படியாது.

கேள்வி: எட்டு கோட் அடித்து, மூன்று வாரம் காத்திருந்து, பூட்டிய அன்றே சுவரில் சாய்ந்து ஒரு கீறல். அழுகையாக வருகிறது. எல்லாவற்றையும் சுரண்டி எடுக்கவேண்டுமா?

பதில்: வேண்டாம் அம்மா. கீறலில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சொட்டு அப்படியே உருண்டு நின்றால் வார்னிஷ் மட்டும்தான் கீறியிருக்கிறது, சும்மா விடுங்கள். கீறலின் அடியில் மரம் கறுத்தால் தண்ணீர் உள்ளே போகிறது. அப்போது நன்றாகக் காயவிட்டு, 320-ஆல் கீறலின் ஓரத்தை மட்டும் மழுக்கி, சின்னத் தூரிகையால் நாளுக்கு ஒரு தடவையாக மூன்று நாள் வார்னிஷ் தொட்டுவிடுங்கள். என் டேங்கில் இப்படித் தொட்ட இடங்கள் பதினொன்று. படத்தில் தெரிவது இரண்டு.